கள்வனும் காவலரும்

செல்வரைக் கொள்ளையிட்டு ஏழைக்கு ஈந்தவன் என உதுவன்கந்தை சரதியேலின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவனது கும்பலைப் பிடிக்கச் சென்று, 1864 மார்ச் 21ஆந் திகதி சுடப்பட்டு மாண்ட கான்ஸ்டபிள் சபானைப் பொலிஸார் ஆண்டுதோறும் நினைவுகூருகின்றனர், நாமோ? சரதியேல் அவ்வாண்டே கண்டியில் தூக்கிலிடப்பட்டான்.

விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட நாவலின் ஜீன் வால்ஜீன், பசித்த குழந்தைகளுக்காக ஒரு பாணைத் திருடியவன். தப்பியோட முயன்றதற்கும் சேர்த்து 19 ஆண்டுகள் சிறையிருந்தான். அவனுக்காக அழுவதில் தவறில்லை. ஆயின் அது கதை. மாவனல்லையில் சிந்தியதோ மெய்யான இரத்தம்.

கல்வாரியில் மனந்திரும்பிய கள்வன் தன்னை வீரனாக்கிக் கொள்ளவில்லை. தன் தண்டனை நீதியானதே என்று ஏற்ற பின்னரே, தன்னை நினைவுகூருமாறு இயேசுவை வேண்டினான். இனிச் சரதியேலின் கதை சொல்லும் இரவில், செபமாலைக்கு முன் சபானின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.