ரேக் வாங்க லோனா? முதல்ல காயலான் கடைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க

எஸ்ஐபி, டேக்ஸ், டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசிப் பேசி உங்களுக்கும் அலுத்திருக்கும், எனக்கும் அலுத்துப்போச்சு. இன்னிக்கு நட்டு, போல்ட்டு, பழைய பலகை பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க, இதுவும் பணக் கணக்குதான்.

ஸ்ரீமுஷ்ணத்துல ஒரு டூவீலர் மெக்கானிக் என்னோட கிளையன்ட். என்னைவிட பதினஞ்சு வயசு பெரியவர். நான் அண்ணேன்னு கூப்பிடுவேன், அவர் என்னை ஆடிட்டர் சார்னுதான் கூப்பிடுவார். வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட், அதுதான் ஒர்க்‌ஷாப். போன வருஷம் ஒருநாள் கையில ஒரு கொட்டேஷனோட வந்தார். ஸ்டீல் ரேக், டூல் டிராலி, சுவத்துல மாட்டுற போர்டு, வாசல்ல புதுப் பெயர்ப் பலகை எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய். லோனுக்கு ஆளும் ரெடி. "வட்டி வெறும் பத்து பர்சென்ட்தான் சார், ரெண்டு வருஷம், மாசம் ஆறாயிரம்" அப்படின்னார்.

இந்த "வெறும் பத்து" எங்க இடிக்குதுன்னு பாருங்க. அது ஃப்ளாட் ரேட். 1,20,000-க்கு 10 சதவீதம், ரெண்டு வருஷத்துக்கு 24,000. நீங்க மாசாமாசம் அசலைக் கட்டிக் குறைச்சுக்கிட்டே வருவீங்க, ஆனா வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு 1,20,000-க்கும் போட்டிருப்பாங்க. குறையும் அசலுக்கு வட்டி போடுற முறையில பார்த்தா இதே மாசம் 6,000 தவணைங்கறது வருஷத்துக்கு 18 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. லோன் எடுக்கறதுக்கு முன்னாடி "ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா?"ன்னு கேளுங்க. அந்த ஒரு கேள்விக்கே பாதிப் பேர் முகம் மாறும்.

அண்ணன் அடுத்த வாதத்தை எடுத்தார். "புதுசா வாங்குனா பில் வரும், டேக்ஸ்ல கழிக்கலாம்ல?" இதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. அவர் கணக்குத் தாக்கல் பண்றது அனுமான வருமான முறையில, பிரிசம்ப்டிவ் ஸ்கீம்னு சொல்வோமே அது. ரொக்கமா வந்த வரவுக்கு 8 சதவீதம், பேங்க், ஜிபே வழியா வந்ததுக்கு 6 சதவீதம் லாபம்னு காட்டிட்டா போதும். அதுல எல்லாச் செலவும் தேய்மானமும் ஏற்கெனவே கழிஞ்ச மாதிரிதான். ஒரு லட்சத்துக்கு ரேக் வாங்கினாலும் வரி ஒரு ரூபாய்கூடக் குறையாது. வருஷ வரவு 20 லட்சத்துக்குக் கீழங்கறதால ஜிஎஸ்டி பதிவும் கிடையாது. அப்போ புது ரேக்குக்குக் கட்டற 18 சதவீத ஜிஎஸ்டி திரும்பி வராது, முழுக்கக் கைச்செலவு.

சரி, ஷெட்டையே பார்த்துடலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை போனேன். சாக்குப் பையில, அட்டைப் பெட்டியில, பழைய சீட்டுக்கு அடியில எல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ். ரெண்டு பேரும் உக்காந்து ஒவ்வொண்ணா எண்ணினோம். ஸ்பிளெண்டர் கிளட்ச் கேபிள் மட்டும் 14. அதுக்கு முந்தின வாரம்தான் "ஸ்டாக் இல்லை"ன்னு விருத்தாசலம் போய் மூணு வாங்கிட்டு வந்திருந்தார்! பிரேக் ஷூ 9 செட், அதுல நாலு இப்போ ஊருக்குள்ள ஓடாத வண்டிக்கானது. சாயங்காலம் கூட்டிப் பார்த்தா, தேவைக்கு மேல தேங்கிக் கிடந்த சரக்கு மட்டும் வாங்கின விலையில 31,400 ரூபாய். எங்க இருக்குன்னு தெரியாததால ரெண்டாவது தடவை, மூணாவது தடவை வாங்கினது. அதுல நல்ல சரக்கா இருந்ததைப் பாதிக்கு மேல மொத்த வியாபாரியே திரும்ப எடுத்துக்கிட்டார்.

என் கருத்து இதுதான். ஒர்க்‌ஷாப்ல ரேக்கோட வேலை, இருக்கிற சரக்கைக் கண்ணுக்குக் காட்டறது. அந்த வேலையைப் பழைய ஆங்கிளும் பழைய பலகையும் புதுசு மாதிரியே செய்யும். அதுக்காகக் கடன் வாங்கறது தப்பு. அதே சமயம் "ஓசியில கிடைச்சா எதையும் மாட்டலாம்"ங்கற கட்சிக்கும் நான் ஆள் இல்லை. ஏன்னு கேளுங்க.

நான் ஆபீஸ் ஆரம்பிச்ச புதுசுல, ஃபைல் அடுக்க ரேக் வேணும்னு உடைஞ்ச கம்ப்யூட்டர் டேபிள் பலகைகளை வெச்சு நானே ஒண்ணு அடிச்சேன். செலவு 600 ரூபாய், பெருமை ஆறு லட்சம். அது மரத்தூளைப் பசை போட்டு அமுக்கின பார்ட்டிக்கிள் போர்டு. ஐப்பசி மழையில ஈரம் ஏறி உப்பி, ஒரு ராத்திரி மொத்தமா சரிஞ்சுடுச்சு. ஜிஎஸ்டி கணக்கை வருஷாந்திர ரிட்டர்ன் கெடுவுல இருந்து 72 மாசம் பத்திரமா வெச்சிருக்கணும்னு கிளையன்ட்டுக்கு எல்லாம் அறிவுரை சொல்றவன், மறுநாள் தரையில உக்காந்து நனைஞ்ச பில்லைக் காய வெச்சேன். நல்லவேளை, கீழ ஆள் யாரும் இல்லை.

அதனால அண்ணனுக்கு முதல்லயே சொன்னேன்: எடை தாங்கற சட்டம் பழசா இருக்கலாம், அதைப் பிடிச்சு நிறுத்தற நட்டு, போல்ட்டு, சுவத்துல அடிக்கிற ஆங்கர் எல்லாம் புதுசா இருக்கணும். மொத்தச் செலவுல அது பத்துல ஒரு பங்குகூட வராது.

மூடின கடையில இருந்து வந்த ஓட்டை போட்ட ஆங்கிள் காயலான் கடையில எடைக்குக் கிடைச்சது, கிலோ 52 ரூபாய். எடுக்கும்போது ஒவ்வொண்ணையும் ஒரு முனையில கண்ணை வெச்சு நீளத்துக்குப் பாருங்க. வளைஞ்சிருந்தா விட்டுடுங்க. மேலாப்புல துரு இருந்தா கம்பி பிரஷ் போதும். விரல்ல தட்டினா ஏடு ஏடா உதிருதுன்னா அது இரும்பு இல்லை, வெறும் எடை. தட்டுக்குச் சென்ட்ரிங் வேலையில ஓடி ஓய்ஞ்ச பிளைவுட். ஓரம்தான் தண்ணி குடிச்சு ஊறியிருக்கும், சுத்தி ரெண்டு அங்குலம் அறுத்து எறிஞ்சுட்டா நடு நல்லா இருக்கும். முட்டியால தட்டிப் பாருங்க, பொத்துப் பொத்துன்னு சத்தம் வந்தா உள்ள ஏடு விட்டிருக்குன்னு அர்த்தம்.

ஒர்க் பெஞ்சுக்கு மேல் பலகை காசில்லாமலே கிடைச்சது. அண்ணியோட அம்மா வீடு பண்ருட்டி பக்கம். 2011 டிசம்பர் 30 தானே புயல் ஞாபகம் இருக்கா? அன்னிக்கு அந்தப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ஞ்சதை நேர்ல பார்த்தவங்க இன்னமும் அதைப் பத்திப் பேசும்போது குரல் இறங்கும். விழுந்த பலாவை அறுத்துப் பரண்ல போட்டு வெச்ச வீடுங்க நிறைய. அவங்க வீட்டுலயும் ரெண்டு பலகை இருந்தது. தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலாதான் போகுது, அப்பேர்ப்பட்ட மரத்து மேல வைஸ் மாட்டறோமேன்னு எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருந்தது. மாமியார்தான் "பரண்ல கரையான் பார்க்கறதுக்கு மாப்பிள்ளைக்கு உதவட்டும்"னாங்க.

விருத்தாசலம் பக்கத்துல இருக்கறதுல நமக்கு இன்னொரு லாபம், பீங்கான். பொம்மை, ஃப்யூஸ் கட்டை, ஜாடின்னு செய்யற ஊர். மெருகு சரியா ஏறாத, லேசா கோணின ஜாடியெல்லாம் ரெண்டாம் தரம்னு ஒதுங்கும். ஊறுகாய்க்கு வேணா யோசிக்கலாம், வாஷருக்கும் பேரிங்குக்கும் என்ன குறை? துருப் பிடிக்காது, எண்ணெய் ஊறாது. 40 ரூபாய் வீதம் 30 எடுத்தோம். எடை அதிகம், விழுந்தா சில்லு. அதனால கீழ்த் தட்டுல மட்டும்.

மொத்தக் கணக்கு இது: ஆங்கிள் 140 கிலோ 7,280, பிளைவுட் 3,150, புது நட்டு, போல்ட்டு, ஆங்கர் 1,460, குட்டி யானை வாடகை 1,200, கட்டிங், வெல்டிங் கூலி 2,500, ரெட் ஆக்சைடு பெயின்ட் 900, ஜாடி 1,200. ஆகமொத்தம் 17,690. பழைய சாமான்ல ரேக் கட்டறவங்க பெரும்பாலும் இங்கேயே கணக்கை நிறுத்திட்டு மார் தட்டுவாங்க. கடை மூணு நாள் மூடிக் கிடந்ததே? ஒரு நாளைக்குக் கையில நிக்கறது 1,400-ன்னா அது 4,200. சேர்த்தா 21,890. இன்னொரு நேர்மையும் வேணும். இதை 1,20,000-ஓட ஒப்பிடக் கூடாது, ஏன்னா அந்தக் கொட்டேஷன்ல ரேக் மட்டும் 64,000. மீதி டிராலியும் பெயர்ப் பலகையும். அதைக் கழிச்சுப் பார்த்தாலும் 42,000 மிச்சம், வட்டி தனி.

நீங்க மாசச் சம்பளக்காரர், ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்குக்கு கராஜ்ல ரேக் அடிக்கிறீங்கன்னா உங்க நேரத்துக்கு விலை போட வேண்டாம், அது சந்தோஷக் கணக்கு. ஒரு நாள் கடையை மூடினா மூவாயிரம், நாலாயிரம் நஷ்டமாகுற ஆளுன்னா, செகண்ட் ஹேண்ட்ல ரெடிமேட் ரேக்கா வாங்கி நிறுத்திட்டு வேலையைப் பாருங்க. ஒரே பதில் எல்லாருக்கும் பொருந்தாது.

சில சாமானை விலை பேசாமலே விட்டுடணும். இடிச்ச வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கறது நுரையீரலை அறுக்கற மாதிரி. பழைய கதவு, ஜன்னல் பெயின்ட்டைக் காய்ஞ்ச நிலையில உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுங்கற விதி நம்ம நாட்டுல 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்தது, அதுக்கு முந்தின கதவுல என்ன இருக்கோ! ஏற்றுமதி பேலட் மரம் கிடைச்சா முத்திரையைப் பாருங்க. எச்டி-ன்னா சூடு காட்டிப் பதப்படுத்தினது, எடுக்கலாம். எம்பி-ன்னா மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டை ஒட்டின ஷெட்டுக்கு வேண்டாம். பழைய கம்ப்ரஸர் டேங்க், வண்டியைத் தூக்கி நிறுத்தற ஸ்டாண்டு, வயரிங், இந்த மூணும் எவ்வளவு மலிவா வந்தாலும் புதுசுதான்.

நீங்க முழுக் கணக்கு எழுதி வருமானம் காட்டறவரா இருந்தா இன்னொரு விஷயம். பழைய சாமான் கடையில ரொக்கம்தான் ஓடும். ஒரே நாள்ல ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுத்து வாங்கின சொத்தோட விலை தேய்மானக் கணக்குக்கு எடுபடாது. ரேக் மாதிரி சாமானுக்குத் தேய்மானம் வருஷம் 10 சதவீதம்தான், பெரிய தொகை இல்லை. ஆனாலும் ஜிபேல போட்டுட்டு, கடைக்காரர்கிட்ட ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கிக்குங்க.

இப்போ அண்ணன் ஷெட்ல ஒவ்வொரு தட்டுக்கும் சாக்பீஸ்ல ஒரு நம்பர். ஒரு 40 பக்க நோட்டுல எந்த நம்பர்ல என்ன, எத்தனைன்னு அவர் பொண்ணு எழுதி வெச்சிருக்கு. கிளட்ச் கேபிள் மூணுக்குக் கீழ போனாத்தான் விருத்தாசலம் பயணம். டிராலி மேல மட்டும் அவருக்கு இன்னும் ஆசை விடலை, மாசம் ரெண்டாயிரம் ஆர்டி போட்டுக்கிட்டு வர்றார். லோன் ஆளும் போன் பண்றதை விடலை. போன தடவை "ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா?"ன்னு இவரே கேட்டாராம்.