சாட்சி சொல்லப் போகிற தம்பிக்கு

போன மாதம் ஒரு சாயங்காலம். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தான். செங்கம் சாலையில் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு காலனிப் பையன். குடும்பத்தில் முதல் பட்டதாரி. கையில் புது பாஸ்போர்ட். அவன் சபையிலிருந்து பன்னிரண்டு பேர் பத்து நாள் ஊழியத்துக்காக இலங்கை மலையகத்துக்குப் போகிறார்கள். வீட்டிலிருந்து விமானம் ஏறப்போகும் முதல் ஆள் அவன்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அண்ணா, இது என் சாட்சி. அங்க மேடையில சொல்லணும். எழுத்துப் பிழை மட்டும் பாத்துக் குடுங்க" என்று ஒரு தாளை நீட்டினான்.

தாளின் நடுவில் மூன்று வரிகள் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன. அடித்தவர் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அடித்த வரிகளைப் படித்தேன். அவனுடைய தாத்தா முப்பது வருடம் உபதேசியாராக இருந்தவர். ஊர் ஊராக நடந்தே போய் ஜெபம் செய்தவர். அவர் செத்தபோது கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களோடு இடம் கொடுக்காமல், வேலி ஓரத்தில் "நம்ம ஆளுங்களுக்கு" என்று ஒதுக்கிய பக்கத்தில் புதைத்தார்கள். இதைத்தான் தம்பி எழுதியிருந்தான். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: "இது வேண்டாம். சபையின் பெயர் கெடும்."

அடிக்காமல் விட்ட வரிகள் எவை தெரியுமா? "நான் இருளில் இருந்தேன், பாவத்தில் இருந்தேன், மீட்கப்பட்டேன்." பாவம் செய்தவனாக நிற்கலாம், தடையில்லை. பாவம் செய்யப்பட்டவனாக நிற்கக் கூடாது. அதுதான் அந்தச் சிவப்பு மையின் அர்த்தம்.

தோழர்களே, இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, மதம் மாறியும் சாதி போகவில்லை, தாய் மதத்துக்கே திரும்புங்கள்" என்று யாராவது கைதட்ட வந்தால், அவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்குக் கைதட்ட யோக்கியதை இல்லை. நம் மாவட்டத்தில்தான் தென்முடியனூர் இருக்கிறது. அங்கே முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் கால் வைக்க 2023 ஜனவரி 30 வரை, சுமார் 80 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைக்கும் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் போலீஸ் படையோடு கூட வர வேண்டியிருந்தது. அது அறநிலையத்துறைக் கோயில். அப்படிப்பட்ட "தாய் வீடு" இருந்ததால்தான் நம் பாட்டன்கள் வேறு வீடு தேடிப் போனார்கள். போன வீட்டிலும் திண்ணையில்தான் இடம் என்றால், அதைக் கேட்க வேண்டியது போனவர்களின் பேரப்பிள்ளைகள். துரத்தியவர்கள் அல்ல.

எனக்குத் தம்பியின் விசுவாசத்தோடு சண்டை இல்லை. பயணத்தோடும் சண்டை இல்லை. என் சண்டை அந்தச் சிவப்பு மையோடு.

அவர்களுடைய தயாரிப்புப் பட்டியலைக் காட்டினான். பாஸ்போர்ட், விசா, பயணக் காப்பீடு, மருந்துப் பை, குளிர் ஊருக்குப் போர்வை, குழந்தைகளுக்குப் பாட்டும் பொம்மலாட்டமும், மூன்று நிமிடச் சாட்சி, ஆதரவாளர்களுக்கு ஜெபக் கடிதம். எல்லாம் இருந்தது. போகிற ஊரின் மக்கள் யார் என்று ஒரு வரி கூட இல்லை. "மலைநாட்டுத் தமிழர், தேவையுள்ள ஆத்துமாக்கள்" என்று மட்டும் இருந்தது.

தம்பி, அவர்கள் யார் என்று நான் சொல்கிறேன். அவர்கள் உன் சொந்தக்காரர்கள். 19-ஆம் நூற்றாண்டில் பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி, கண்காணியின் முன்பணத்தை நம்பி, திருச்சி, சேலம், மதுரை, ஆற்காடு பக்கங்களிலிருந்து கப்பலேறிய ஏழைகள். அதில் பெரும் பகுதி நம் சேரி மக்கள். முதலில் காப்பி, பிறகு தேயிலை. 2023-இல் அவர்கள் அங்கே போய் 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். 1948-இல் இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து அவர்களை எண்ணிக்கை போட்டுப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம் என்று. யாரையும் கேட்கவில்லை.

அந்த மக்களிடம் சுவிசேஷம் இன்றைக்குத்தான் போகிறது என்று நினைக்காதே. 1854-லேயே அங்கே தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு மிஷன் தொடங்கியது. அதன் பெயரே "தமிழ்க் கூலி மிஷன்". அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு உறுத்தவில்லை. ஆகவே லயன் வீட்டில் உன் எதிரே உட்காரப் போகும் பாட்டிக்கு ஏசுவைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அவளுக்குத் தெரியாதது, நூறு வருடத்துக்கு முன் தன் குடும்பம் எந்தச் சேரியை விட்டு வந்ததோ அந்தச் சேரி இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதுதான். அதைச் சொல்ல உன்னைவிடத் தகுதியான ஆள் யார்? அந்த மூன்று வரிகளைத்தான் அடித்துவிட்டார்கள்.

இந்தச் சிவப்பு மை புதிதல்ல. தரங்கம்பாடி காலத்திலிருந்தே வருகிறது. ராஜநாயக்கன் என்று ஒருவர். பறையர் குலத்தில் பிறந்தவர், தஞ்சை அரசரின் படையில் சிப்பாய். தமிழில் அச்சான வேதத்தைப் படித்துத் தானே தேடிப் போய் லுத்தரன் சபையில் சேர்ந்தவர், தஞ்சைப் பகுதியில் பலரைச் சேர்த்தவர். 1733-இல் முதல் தமிழ்க் குரு அபிஷேகம் ஆரோன் என்பவருக்கு நடந்தது. அடுத்தவராக ராஜநாயக்கன் பெயர் பேச்சில் அடிபட்டது. ஆனால் 1741-இல் அபிஷேகம் வேறொருவருக்குப் போனது. பறையர் கையால் நற்கருணை வாங்க மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்ற பயம்தான் காரணம். தகுதியில் குறை என்று யாரும் சொல்லவில்லை. ஊழியம் செய்ய அவர் வேண்டும். அப்பம் பிட்க அவர் கை வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் டேனிஷ் மிஷன் பள்ளியைத் தெரியாதவர் கிடையாது. அந்த மிஷனின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி லைப்சிக் மிஷனில் இருந்தார். சபைக்குள் சாதிப் பழக்கத்தைப் பொறுத்துப் போகலாம் என்பது அந்த மிஷனின் நிலை. அவரால் அதை ஏற்க முடியவில்லை. பிரிந்து வந்து 1860-களின் தொடக்கத்தில் கடலூருக்குப் பக்கத்தில் பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலை தொடங்கினார். அதோடுதான் டேனிஷ் மிஷன் கைகோத்தது. பிறகு அது திருவண்ணாமலை வரை வந்தது. அதாவது சாதி விஷயத்தில் "பெயர் கெடும்" என்று வாயை மூடிக்கொள்ளாத ஒரு மனிதரின் பிடிவாதத்துக்கு இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடமே சாட்சி. அவர் வேலையை விட்டார். இன்றைக்கு நாம் கேட்பது மூன்று வரிகளை விட வேண்டாம் என்பதை மட்டும்தான்.

"சாட்சி" என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், தோழர்களே. சபையிலும் அதே சொல், நீதிமன்றத்திலும் அதே சொல். முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது.

1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், தன்னைப் போன்ற தொழிலாளிகளுக்கு அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கு மட்டும் மறுக்கப்பட்டதால் வழக்குப் போட்டார். 1985-இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு கிறிஸ்தவ சமூகத்துக்குள் தொடர்கிறது என்பதை நிரூபிக்கும் ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று வழக்கைத் தள்ளியது.

ஆதாரம் இல்லையாம்! திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே செத்தவர்களைச் சாதியால் பிரித்து எழுப்பிய சுவர் ஆதாரம் இல்லையா? 2008 மார்ச்சில் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் சொந்த மதத்தாராலேயே தாக்கப்பட்டு, துப்பாக்கிச் சூடு வரை போனது ஆதாரம் இல்லையா? ஆதாரம் மலை போல் குவிந்து கிடக்கிறது. சாட்சி சொல்ல வேண்டிய வாய்களைத்தான் "சபையின் பெயர் கெடும்" என்று மூடி வைத்தார்கள். சபை காத்த மௌனம் நீதிமன்றத்தில் நமக்கு எதிரான சாட்சியாக மாறியது. மேடையில் அடிக்கப்படும் ஒவ்வொரு வரியும் இப்படித்தான் எங்கேயோ ஒரு சூசையின் பெட்டிக்கடையைப் பிடுங்குகிறது.

இதன் விலை என்ன என்று தம்பிக்கே தெரியும். தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். தனித்தொகுதியில் நிற்க முடியாது. சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்? அதனால்தான் எத்தனையோ வீடுகளில் சான்றிதழில் ஒரு பெயர், ஆலயத்தில் ஒரு பெயர். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானப் பதிவையும் ஆலயத்துக்குப் போனதையும் காட்டியே உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என்றது. ஆகவே தம்பி, உன் சாட்சி காணொளியாகச் சுற்றும்போது அதைப் பரலோகம் மட்டும் பார்க்காது என்பதையும் தெரிந்துகொள். ஒளிந்து வாழச் சொல்லவில்லை. ஒளிய வைக்கும் சட்டத்தோடு மோதச் சொல்கிறேன். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இந்தக் கேள்வியை ஆராயவே 2022-இல் நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் போட்டார்கள். ஆணையத்துக்கு வேண்டியதும் சாட்சிதான்.

"வீட்டு அழுக்கை வெளிநாட்டில் துவைக்கலாமா" என்று கேட்பார்கள். துவைத்தவர்கள் யார் என்று பாருங்கள். 1930-இல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் இதைத்தான் செய்தார்கள். 2001-இல் டர்பன் ஐ.நா. மாநாட்டுக்குப் போன தலித் தோழர்கள் இதைத்தான் செய்தார்கள். அயோத்திதாசர் 1898-இல் கொழும்புக்குப் போனதும் ஒரு மதப் பயணம்தான். சாதியை மறைக்கப் போகவில்லை, சாதியை மறுக்கும் மதத்தைத் தேடிப் போனார். நம்மவர் கடல் தாண்டியதற்கு ஒரு மரபு உண்டு. அந்த மரபில் சிவப்பு மைக்கு இடமில்லை.

"கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை" என்பார்கள். நல்லது. அப்படியானால் கல்லறைத் தோட்டத்தில் அந்த வேலி எதற்கு? வேலியைப் பிடுங்கிவிட்டு வந்து அந்த வசனத்தைச் சொல்லுங்கள், நானும் கேட்கிறேன்.

ஊழியப் பயணத்துக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு என் பட்டியல் சிறியது. போகிற ஊரின் வரலாற்றைப் படியுங்கள். எந்த விசாவில் கூட்டிப் போகிறார்கள், அதில் பிரசங்கம் செய்ய அனுமதி உண்டா என்று கேளுங்கள். மாட்டிக்கொண்டால் நிற்கப் போவது நீங்கள், பயிற்சியாளர் அல்ல. உங்கள் வறுமைப் படத்தைக் காட்டி நிதி கேட்டால், அந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். "ஏழை" என்று மட்டும் எழுதினால் "தலித்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஏழ்மை வானத்திலிருந்து விழவில்லை. அங்கே தோட்டத்தில் யார் எந்த வேலை செய்கிறார்கள், யார் வீட்டில் யார் சாப்பிடுவதில்லை என்று கவனியுங்கள். போதிக்கப் போன பத்து நாளில் இரண்டு நாளாவது கேட்டுவிட்டு வாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் சாட்சியை நீங்களே எழுதுங்கள்.

நம் ஊருக்கு உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வெளிநாட்டார் வருகிறார்கள். செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து, 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி, அமைதி கிடைத்தது என்று எழுதுகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு மலை தெரிகிறது, காலனி தெரிவதில்லை. வருகிறவர் பார்க்காமல் போகிறார் என்றால் அது அவர் குறை. போகிற நம் பையனும் சொல்லாமல் வந்தால், அந்தக் குறையை யாரிடம் சொல்லி அழுவது?

தம்பியின் தாளில் பிழை திருத்திக் கொடுத்தேன். மூன்று நான்கு ஒற்றுப் பிழை இருந்தது, அவ்வளவுதான். அடித்த வரிகளை நான் தொடவில்லை. "இதுல ஒரு தப்பும் இல்லடா" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தாளை மடித்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த மாதம் கிளம்புகிறான். என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குச் சொல்லவில்லை. அது அவன் சாட்சி. அவன் தாத்தாவுக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கிற கணக்கு.

போய் வா தம்பி. வேலி ஓரத்தில் படுத்திருக்கும் அந்தக் கிழவரையும் மேடைக்குக் கூட்டிக்கொண்டு போ.

ஜெய்பீம்.