தோட்டத்தை விட்டு வந்தவர்கள் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்?

பொதுக்கொள்கையிலும் பொது நிர்வாகத்திலும் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்கள் தங்கள் ஆய்வு முன்மொழிவுகளை இந்த இதழுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். மகிழ்ச்சியான பழக்கம், தொடரட்டும். ஆனால் அண்மைக் காலமாக வருபவற்றில் பெரும்பாலானவை ஒரே சாயலில் இருக்கின்றன. முதல் அத்தியாயத்தில் 2017 ஏப்ரலில் வெளியான மலேசிய இந்தியர் புளுபிரிண்ட், இரண்டாவதில் அரசின் இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவின் ஒதுக்கீடு, மூன்றாவதில் 384 பேரிடம் வினாநிரல். இந்த 384 எங்கிருந்து வந்தது என்பது நம் துறையில் எல்லாருக்கும் தெரியும். கிரெஜ்சியும் மார்கனும் 1970இல் வெளியிட்ட அட்டவணையின் கடைசி வரி அது.

அந்த அட்டவணை ஒரு நிபந்தனையோடு வருகிறது. ஆய்வுக்குரிய மக்கள் அனைவரின் பட்டியலும் கையில் இருக்க வேண்டும், அதிலிருந்து சமவாய்ப்பு முறையில் ஆளெடுக்க வேண்டும். கெடா தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களை இப்படி ஆராய வேண்டுமானால், அவர்களின் பட்டியல் யாரிடம் இருக்கிறது?

தோட்டம் இருந்தவரை பட்டியல் கிராணியின் மேசையில் இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, செக்ரோலில் குறித்து, யார் எந்த லயத்தில் இருக்கிறார், எத்தனை நாள் மரம் வெட்டினார் என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தது. ரவீந்திர ஜெயின் 1960களின் தொடக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் களப்பணி செய்து, அதற்குப் ‘பால் மலாயு’ என்று புனைபெயர் சூட்டி எழுதினார். வேலை, கல்யாணம், கோயில், சண்டை எல்லாமே ஒரே வேலிக்குள் அவருக்குக் கிடைத்தன. 1994இல் பேராசிரியர் பி. இராமசாமியின் நூல் தோட்டத் தொழிலாளரையும் தொழிற்சங்கத்தையும் முதலாளியத்தையும் அரசையும் சேர்த்து ஆராய்ந்தது. அப்போதும் ஆய்வின் மையம் தோட்டம்தான்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பட்டணத்தை ஒட்டிய நிலங்கள் தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறின. வேலை நின்றதும் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்பதால், சனங்கள் சுங்கை பட்டாணியின் பாக்கார் ஆராங், பீடோங், கூலிம் பக்கத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த நாளிலிருந்து அரசுக் கணக்கில் அவர்கள் நகர்ப்புறவாசிகள், இன்று குறைந்த வருமான பி40 பிரிவினர். ‘தோட்டத்திலிருந்து வந்தவர்’ என்று குறிக்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. கொள்கை ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய கேள்வி வேறு இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பாக்கார் ஆராங்கில் ஒரு மாணவி பேட்டி எடுக்கும்போது உடனிருந்தோம். பேட்டி கொடுத்த அம்மா முப்பது வருசத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அந்த வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. மூத்த மகன் தொழிற்பேட்டையில் ஓவர்டைம் பார்க்கிறார், மருமகள் குழந்தை பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறார், பேரன் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். படிவத்தில் குடும்பத் தலைவர் யார் என்ற கேள்வி வந்தது. “வீடு மவன் பேர்ல இருக்கு, கரண்டு பில்லு மருமவ கட்டுறா, சின்னவன் குடும்பமும் இங்கதான். என்னை யாருன்னு எழுதுவீங்கம்மா?” என்று கேட்டார் அந்த அம்மா. மாணவி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார். பிறகு தரவைச் சுத்தம் செய்யும்போது, விடுபட்ட பதில் என்று அந்தப் படிவத்தையே நீக்கிவிடலாமா என்று எங்களைக் கேட்டார். நீக்க வேண்டாம் என்றோம். வறுமைப் பதிவேடான இ-காசே குடும்பத் தலைவரை வைத்துத்தான் ஒரு வீட்டை எண்ணுகிறது. ஒரு கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரியும் வீடுகளில் உதவி யாருக்குப் போகிறது, யாருக்கு நின்றுபோகிறது என்பது அந்த ஒரு கேள்விக்கான பதிலில்தான் அடங்கியிருக்கிறது. அதைப் பற்றியே ஓர் ஆய்வேடு எழுதலாம்.

இந்த நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. அரச பேராசிரியர் ஊங்கு அசீஸ் கிராமப்புற வறுமையை அளக்க ஒரு வீட்டில் எத்தனை சாரோங் இருக்கிறது என்று எண்ணினார். சாரோங் குறியீடு என்ற அந்த அளவை அந்த வீடுகளுக்குள்ளிருந்தே எடுக்கப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டதைப் பற்றி மலாயாப் பல்கலைக்கழகத்தின் விரிவான ஆய்வை நடத்தியவரும் அவரே. ஹஜ் பயணிகளின் சேமிப்புக்காக 1959இல் அவர் எழுதிய திட்ட அறிக்கைதான் பின்னாளில் தாபோங் ஹாஜியாக வளர்ந்தது. அவர் வசேடா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றதோ 1964இல். பட்டம் கிடைத்த பிறகு கொள்கைப் பக்கம் போகலாம் என்று காத்திருக்கும் மாணவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

அதே காலத்தில், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்படுவதைக் கண்ட துன் சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் தவணையில் பங்குப் பணம் திரட்டினார். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். தொழிலாளியே பங்குதாரராக இருந்த தோட்டத்தின் பிள்ளைகளும் கைமாறிப் போன தோட்டத்தின் பிள்ளைகளும் இன்று எங்கெங்கே இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வை யாராவது எழுதினால் முழு இதழையும் அதற்கே ஒதுக்கத் தயாராக இருக்கிறோம்.

பட்டியல் இல்லை என்றால் உருவாக்கிக்கொள்ளலாம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் சில பட்டணத்துக்கு இடம் மாறிய பிறகும் பெயரில் தோட்டம் என்று பொருள்படும் ‘லாடாங்’ என்ற சொல்லைச் சுமந்து நிற்கின்றன. அவற்றின் சேர்க்கைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழ்களும் ஒரு தொடக்கம். கோயில் நிர்வாகக் குழுவின் வரிக்கணக்கு இன்னொன்று. ஆண்டுத் திருவிழாவுக்குச் சிதறிப்போன குடும்பங்கள் திரும்பி வரும் நாளில் கோயில் வாசலில் நின்றால், எந்தத் தாமானிலிருந்து எத்தனை வீடு வந்தது என்று எழுதிவிடலாம். வராதவர்கள் விடுபடுவார்கள், உண்மைதான். தோட்டத்தோடு உறவே அறுந்துபோனவர்களைத் தேட, வந்தவர்களிடமே பக்கத்து லயத்தில் இருந்தவர் யார், எங்கே போனார் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும். கூகிள் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி 384 சேர்ப்பதைவிட, ஒரே ஒரு தோட்டத்தின் அறுபது குடும்பங்களை மூன்று தலைமுறைக்குத் தொடர்ந்து பார்ப்பது கொள்கைக்கு அதிகம் பயன்படும் என்று நம்புகிறோம். மேற்பார்வையாளர்கள் இதற்கு இடம் கொடுக்க வேண்டும். 1984இல் தோன்றி இப்போது சிந்தோக்கில் இருக்கும் உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்துக்கும் சுங்கை பட்டாணிக்கும் இடையே நூறு கிலோமீட்டர் அளவுதான். களம் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

பட்டம் பெற்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023க்குள் 60,000 முனைவர்கள் என்ற இலக்கோடு மைபிரைன்15 உதவித்தொகை வந்தது. அதில் படித்தவர்கள் நம் வாசகர்களிடையேயும் உண்டு. ஆய்வேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ நூலகச் சேமிப்பகத்துக்குள் போய்விடுகிறது. பேட்டி கொடுத்த அந்த அம்மாவுக்கும் நகராண்மைக் கழக உறுப்பினருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே போகிறது.

ஆகவே அடுத்த இதழிலிருந்து, முனைவர் பட்ட ஆய்விலிருந்து எழுதப்படும் எந்தக் கட்டுரையோடும் மூன்று இணைப்புகள் வர வேண்டும்: பேட்டி கொடுத்தவர்களுக்கு வாசித்துக் காட்டக்கூடிய இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம், மாவட்ட அலுவலகத்துக்கான ஒரு பக்க மலாய்க் குறிப்பு, ஆளெடுத்த பட்டியல் எப்படி உருவானது என்ற விளக்கம். தமிழில் எழுதத் தயங்குபவர்கள் வரைவை அனுப்பினால் ஆசிரியர் குழு கூடவே உட்கார்ந்து திருத்தித் தரும்.