மௌனம் சம்மதம் இல்லை

எங்கள் வீடுகளில் கலியாணப் பேச்சிலிருந்து ட்யூஷன் வகுப்பு வரை ஒரே சட்டம்தான்: பிள்ளை வாய் திறக்கவில்லையா, அப்போ சம்மதம். மருத்துவ ஆராய்ச்சியில் இது செல்லாது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்காவில் 1983இல் வந்த அரச விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. அம்மா அப்பா கையெழுத்து வைத்தாலும், விளங்கக்கூடிய வயதுப் பிள்ளை தானாக "ஓம்" என்று சொல்ல வேண்டும். மறுக்காமல் இருந்தது மட்டும் சம்மதம் ஆகாது.

இந்த விதி சும்மா வரவில்லை. நியூயோர்க்கின் ஸ்டாட்டன் ஐலண்டில் வில்லோபுரூக் என்ற அரச விடுதி இருந்தது. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகள் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1950களின் நடுவிலிருந்து டொக்டர் சோல் குரூக்மனின் குழு அந்தப் பிள்ளைகள் சிலருக்கு வேண்டுமென்றே ஹெபடைடிஸ் கிருமியைக் கொடுத்து ஆராய்ந்தது. பெற்றோரின் கையெழுத்து இருந்தது. ஆனால் 1964இன் கடைசியில் இடமில்லை என்று விடுதி மூடப்பட்டபோது, ஆராய்ச்சி வார்டில் மட்டும் புதுப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். வேறு வழியில்லாத ஒரு தாய் வைக்கிற கையெழுத்துக்கு என்ன பெறுமதி? அங்கே இருந்தால் எப்படியும் அந்த நோய் வரும் என்பது குரூக்மனின் வாதம். ஹெபடைடிஸில் இரண்டு வகை உண்டு என்பது அந்த ஆராய்ச்சியால் தெளிவானதும் உண்மைதான். அதற்காக அந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததை என்னால் ஏற்க முடியாது.

உயிர் காக்கக்கூடிய மருந்து ஆராய்ச்சியில் மட்டும்தான் கிடைக்கும் என்றால், பிள்ளை மறுத்தாலும் சேர்க்க அமெரிக்க விதி இடம் தருகிறது. அது சரி. ஊசிக்குப் பயந்த ஆறு வயதுப் பிள்ளையிடம் அந்த முடிவை விட முடியாது. ஆனால் தனக்கு ஒரு பலனும் இல்லாத ஆராய்ச்சிக்கு ஒரு குழாய் இரத்தம் கேட்டால், பிள்ளையின் "வேண்டாம்" அதோடு முடிவாக இருக்க வேண்டும். பிரிட்டனில் 2004இல் வந்த மருந்துப் பரிசோதனை விதியோ, 16 வயதுக்குக் கீழே உள்ளவரின் மறுப்பை ஆராய்ச்சியாளர் கருத்தில் எடுத்தால் போதும் என்றது. கருத்தில் எடுத்துவிட்டு ஊசி போடலாமா?

எங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பத்து வயதிலேயே அம்மம்மாவுக்காக டொக்டரிடம் மொழிபெயர்த்தவர்கள் நாங்கள். படிவத்தை அம்மாவுக்கு விளங்கப்படுத்துவதும் நாங்கள்தான். ஆனால் எங்கள் உடம்பு பற்றிய கதை வந்தால், "நீ சும்மா இரு." டொக்டருக்கு முன்னால் அம்மாவை மறுத்துக் கதைக்க எங்களில் யாருக்கு வாய் வரும்? அதனால் ஆராய்ச்சிக்குக் கேட்கிறவர்கள் பெற்றோரை வெளியே இருத்திவிட்டு, பிள்ளையிடம் தனியாக ஐந்து நிமிடம் கதைக்க வேண்டும். மொழிபெயர்க்க வேறு ஆளையும் கூப்பிட வேண்டும்.