வண்டி நமது; அதன் மூளை யாருடையது?

விலை கொடுத்து வாங்கியவனே பொருளுக்கு உரியவன் என்பது உலகம் ஒப்புக்கொண்ட நியாயம். காணிக்கும் இதுவே நியாயம். கால்நடைக்கும் இதுவே நியாயம். வள்ளத்துக்கும் வலைக்கும் இதுவே நியாயம். ஆயினும் அரிப்பிலும் சிலாவத்துறையிலும் வங்காலையிலும் மீனும் நெல்லும் மக்களும் ஏற்றி ஓடுகின்ற பழைய வான்களுக்கும் லொறிகளுக்கும் மட்டும் இந்த நியாயம் செல்லாதாம்! வண்டியின் இரும்பு நமதாம், சில்லு நமதாம், அதற்காகப் பட்ட கடனும் நமதாம், அதை ஓட்டுகின்ற மூளை மட்டும் வேறொருவருக்கு உரியதாம்! இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.

மூளை என்று நாம் சொல்வது எஞ்சின் கணினியை. மெக்கானிக்குகள் ஈ.சி.யூ. என்று அழைக்கின்ற அந்தச் சிறு பெட்டிதான், எவ்வளவு எரிபொருளை எந்தக் கணத்தில் எஞ்சினுக்குள் செலுத்துவது என்று தீர்மானிக்கின்றது. முன்னாளைய டீசல் லொறியில் அந்த வேலையை இரும்புப் பம்பு ஒன்றே செய்தது; அது பழுதுற்றால் மன்னாரிலே கழற்றி மன்னாரிலே பூட்ட முடிந்தது. 1990களில் ஜப்பானிய வான்களின் டீசல் எஞ்சின்களிலும் மின்னணுக் கட்டுப்பாடு புகுந்தது. 2000க்குப் பின்னர் ‘கொமன் ரெயில்’ முறை பரவியது. எரிபொருள் மிச்சமாயிற்று, புகை குறைந்தது. அதை நாம் மறுக்கவில்லை. விஞ்ஞானத்தோடு நமக்குப் பகையும் இல்லை.

ஆனால், 20 ஆண்டுகள் ஓடிய வண்டியில் அந்தப் பெட்டியும் மூப்படைகின்றது. உள்ளேயுள்ள பலகையில் கப்பாசிட்டர் எனப்படும் சிறு குமிழ்கள் உள்ளன. வெப்பத்தாலும் காலத்தாலும் அவற்றுள் இருக்கும் திரவம் கசிந்து செப்புத் தடங்களை அரிக்கின்றது. மூடியைத் திறந்தால் மீன்வாடை போன்ற வாடை வீசுவதும் உண்டு. போதாததற்கு, மன்னார்க் கரையின் உப்புக் காற்று இணைப்பு ஊசிகளில் களிம்பேற்றுகின்றது. மீன்பெட்டிகளிலிருந்து வடியும் நீர் எர்த் கம்பிகளைத் தின்றுவிடுகின்றது. எஞ்சின் காலையில் கிளம்பும், வெயிலேறினால் நின்றுவிடும். இன்று ஓடும், நாளை ஓடாது.

பழுது சிறிது, ஆனால் கேட்கப்படும் விலையோ பெரிது. கப்பாசிட்டரின் பெறுமதி சில்லறைக் காசு. “முழுப் பெட்டியையும் மாற்று” என்கின்றார்கள். சரி, கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய் அதே இலக்கமுள்ள பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்து பூட்டினால் எஞ்சின் கிளம்புகின்றதா? பல வண்டிகளில் கிளம்புவதில்லை. திறப்பினுள் மறைந்துள்ள இரகசிய எண்ணை அந்தப் பெட்டி அறியாது. ஆகவே அது வண்டியின் சொந்தக்காரனையே கள்வன் என்று கருதி எரிபொருளை மறிக்கின்றது. கொமன் ரெயில் எஞ்சின்கள் பலவற்றில், எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் உரிய திருத்த எண்ணையும் புதிய பெட்டியில் பதிய வேண்டும். பதிவதற்குக் கருவி வேண்டும். கருவிக்கு அனுமதி வேண்டும். அனுமதியோ உற்பத்தியாளரின் கையில். திருடனைத் தடுக்க வந்த பூட்டு, வீட்டுக்காரனை வாசலில் நிறுத்திவிட்டது!

கொழும்பில் இருப்பவருக்கு இது சில நாள் அசௌகரியம். அரிப்பில் இருப்பவருக்கு இது வயிற்றிலடி. விடியலில் கரையேறும் மீன் ஐஸ் உருகுமுன் பேலியகொடைச் சந்தையைச் சேர வேண்டும். லொறி காத்திருக்கலாம், மீன் காத்திருக்குமா? கட்டுக்கரைக் குளத்தின் கீழும் அகத்திமுறிப்புக் குளத்தின் கீழும் விளைந்த நெல் களத்திலே கிடந்து மழைக்கு நனையுமேயானால், நட்டம் கம்பனிக்கா, கமக்காரனுக்கா? மன்னார் வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நோயாளிக்கு வான் நின்றுவிட்டதென்று யார் சமாதானம் சொல்வது? கணினி கெட்டுப் புகை கக்கும் வண்டி, 2008 முதல் நடைமுறையிலிருக்கும் புகைப் பரிசோதனையில் தேறாது. அது தேறாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. அது இல்லாவிட்டால் வீதியில் பொலிசார். ஒரு சிறு குமிழ் கசிந்ததனால் ஓர் ஏழைக் குடும்பம் சட்டத்தை மீறியவர்களாகின்றது!

“புதிய வண்டி வாங்குவதுதானே?” என்று கேட்கும் கனவான்களுக்கு ஒரு சொல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது அரசாங்கம். தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த கதவின் முன்னேயும் வரி என்னும் மதில் நின்றது. ஏறக்குறைய 5 ஆண்டுகள் பழைய வண்டியையே பேணி ஓட்டுங்கள் என்று நாட்டை நிர்ப்பந்தித்தவர்கள், அதைத் திருத்துகின்ற உரிமைக்கு மட்டும் ஒரு வழி செய்தார்களில்லை.

இந்தக் கரைக்கு இது புதுக் கதையன்று. அரிப்புக்கும் மறிச்சுக்கட்டிக்கும் எதிரேயுள்ள முத்துப் பார்களில் 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூச்சடக்கி மூழ்கியவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. கரையிலிருந்த அரசாங்கத்துக்கு மூன்றில் இரு பங்கு. அடுத்த ஆண்டிலேயே அந்தப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஆங்கிலேயக் கம்பனி ஒன்றிடம் கொடுத்துவிட்டார்கள். உழைத்தவன் ஒருவன், உரிமை வேறொருவனிடம். அன்று கடலைப் பூட்டினார்கள். இன்று எஞ்சினைப் பூட்டுகின்றார்கள்.

எதிர்த்தரப்பார் மூன்று வாதங்களை முன்வைக்கின்றனர். அவற்றைச் சட்டத்தின் தராசிலேயே நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, கணினியிலுள்ள நிரல் பதிப்புரிமை உடையது, அதைப் பிரதி செய்தல் குற்றம் என்பது. எந்தச் சட்டத்தின்படி? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். கணினி நிரலின் பிரதியொன்றைச் சட்டப்படி உடையவன், அது தொலைந்தாலோ அழிந்தாலோ பயனற்றுப் போனாலோ மாற்றீடாக வைத்துக்கொள்வதற்கு ஒரு பிரதி எடுக்கலாம் என்று அச்சட்டமே நியாயப் பயன்பாட்டின் கீழ் அனுமதிக்கின்றது. பழுதான பெட்டியின் நினைவகத்தைப் படித்து மாற்றுப் பெட்டியில் எழுதுவது இதுவன்றி வேறென்ன?

இரண்டாவது, பூட்டைத் திறக்கவிட்டால் திருட்டுப் பெருகும் என்பது. வாகனப் பதிவுச் சான்றிதழும் அடையாள அட்டையும் எதற்கு இருக்கின்றன? உரியவன் இன்னான் என்று உறுதிப்படுத்தியபின் திறக்கட்டும். வீட்டுத் திறப்பைத் தொலைத்தவன் வீட்டையே இடிக்க வேண்டும் என்று எந்த நாட்டிலும் சட்டமில்லை.

மூன்றாவது, கண்டவரும் கணினியைத் தொட்டால் காற்று மாசுபடும் என்பது. அமெரிக்காவின் சூழல் பாதுகாப்பு நிறுவனமும் 2015 ஜூலையில் இப்படித்தான் வாதாடியது. அதே ஆண்டு செப்டெம்பரில் வெளிவந்த செய்தி என்ன? சோதனைச் சாலையில் ஒரு முகமும் வீதியில் வேறொரு முகமும் காட்டும்படி, உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளின் கணினிகளில் வோக்ஸ்வாகன் கம்பனியே சூழ்ச்சி நிரலைப் புகுத்தியிருந்தது! காற்றைக் கெடுத்தவன் கிராமத்து மெக்கானிக் அல்லன். ஒக்டோபரில், சொந்த வண்டியைத் திருத்துவதற்காக உரிமையாளர் அந்த நிரலை அணுகலாம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகர் விதிவிலக்கு வழங்கினார்.

பிற நாடுகள் உறங்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2007லேயே திருத்தத் தகவல்களைச் சுயாதீனப் பட்டறைகளுக்கும் திறந்துவிட விதி செய்தது. மாசச்சூசெட்ஸ் மக்கள் 2012லும் 2020லும் வாக்களித்தே அந்த உரிமையை வென்றெடுத்தனர். உழவு இயந்திரம் முதலியவற்றைத் திருத்தும் உரிமையை 2023ல் கொலராடோ மாநிலம் விவசாயிகளுக்குச் சட்டமாக்கியது. அண்டை நாடான இந்தியா 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்து, வாகனங்களையும் விவசாயக் கருவிகளையும் அதன் வரம்பினுள் சேர்த்தது. நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் அத்தகைய சட்டம் ஒன்றை நாம் காணவில்லை. ஆயினும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை உண்டு. சந்தையில் மேலாதிக்க நிலையைத் துஷ்பிரயோகம் செய்வதைக் கட்டுப்படுத்துவது அதன் பணிகளுள் ஒன்று. அந்தப் பணி ஏட்டோடு நின்றுவிடலாமா?

அரசாங்கத்தைக் குறைகூறுவதோடு நமது கடமை முடிந்துவிடாது. எஞ்சின் நின்றதும் “கணினி போய்விட்டது” என்று தீர்ப்பளித்து, உள்ளதை விற்றுப் புதுப் பெட்டி வாங்கும் வழக்கம் எம்மவரிடம் ஒழிய வேண்டும். முதலில் பற்றரியின் வோல்ற்றளவு, பியூஸ், ரிலே, எர்த் இணைப்பு, ஓல்டனேற்றர் ஆகியவற்றைப் பாருங்கள்; குற்றவாளி அங்கேயே அகப்படக்கூடும். அதன்பின் பெட்டியைத் திறந்து, கசிந்த குமிழை மாற்றவும் அரிந்த தடத்தை ஒட்டவும் வல்லவரிடம் கொடுங்கள். அதுவும் கைகூடாதபோதே மாற்றுப் பெட்டி. அப்போதும் மேலே ஒட்டியுள்ள இலக்கம் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். பழைய பெட்டியை எக்காரணத்தாலும் எறியக்கூடாது, இரகசிய எண் அதனுள்தான் இருக்கின்றது. வண்டி நன்றாக ஓடும்போதே நினைவகத்தின் பிரதியொன்றை எடுத்து வைப்பவன் புத்திசாலி.

ஆகவே நாம் கோருவன இவை. விற்ற வண்டிக்குரிய உதிரிப்பாகத்தையும் எண்களையும் கருவியையும் நியாய விலைக்கு எந்தத் தகுதிபெற்ற பட்டறைக்கும் வழங்க வேண்டுமென்று பாராளுமன்றம் சட்டமியற்றட்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016ல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிலையம், எஞ்சின் கணினியைத் திருத்தும் கலையைத் தமிழிலே குறுகிய காலப் பயிற்சியாக நம் இளைஞருக்கு அளிக்கட்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் தனித்தனியே ஏமாறுவதை விடுத்து, கூடிப் பணம் போட்டு ஒரு கருவியை நானாட்டானிலோ சிலாவத்துறையிலோ நிறுவட்டும்.

கற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சட்டத்தரணிகள் இந்தக் கோரிக்கையைச் சட்டமூலமாக வரைந்து தரட்டும். பொறியியலாளர் ஓய்வுநாள் ஒன்றைப் பட்டறைகளுக்குக் கொடுக்கட்டும். வாக்குக் கேட்டு முசலிக்கும் நானாட்டானுக்கும் வருகின்ற ஒவ்வொருவரிடமும் கமக்காரரும் கடற்றொழிலாளரும் ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: எங்கள் வண்டியை நாங்கள் திருத்திக்கொள்ளும் உரிமைக்குச் சபையிலே கை உயர்த்துவீரா, மாட்டீரா? மறுமொழியைக் கேட்டபின் வாக்கைப் பற்றி யோசிப்போம்.