குரோமியம் போதாதா, ஈயமும் வேண்டுமா?



நீலத் தாழைக்கோழி நம் நடவைக் கடித்துப் போடுகிறது. உண்மை. நீல உடம்பு, சிவந்த மூக்கு, நீளக்கால். ஏரிக் கோரையிலிருந்து கூட்டமாக இறங்கினால் வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் போய்விடும். நொந்துபோன நம் ஆட்களே சிலர், "வருஷத்துல ரெண்டு மாசம் சுட விட்டா தொல்லை தீந்துது" என்கிறார்கள். வேதனை புரிகிறது. ஆனால் அந்தக் கோரிக்கையை நாம் வைக்கக் கூடாது, யார் வைத்தாலும் எதிர்க்க வேண்டும்.

1972 வனவிலங்குச் சட்டத்தில் உரிமம் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம் அதை அடைத்தது. நியூசிலாந்தில் இதற்கு நெருங்கிய இனத்துப் பறவைக்கு இன்றும் வேட்டைப் பருவம் உண்டு. உரிமம் வாங்குபவர் பெரும்பாலும் பொழுதுபோக்குக்குச் சுடுபவர். நம் ஏரிக்கரைக்கும் அப்படித்தான் வருவார்கள். நடவு நேரம் பார்த்தா வரப்போறாங்க?

தோட்டாவில் இருப்பது ஈயக்குண்டு. குறி தப்பியது எல்லாம் ஏரிச் சேற்றில் தங்கும். அதைக் கல்லென்று விழுங்கும் வாத்து செத்துப்போகும். அதனால்தான் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக்குண்டை அமெரிக்கா 1991-லேயே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 முதல் தடை. பாலாற்றில் தோல் கழிவு இறங்கி நம் கிணறு கெட்ட கதை ஊரறிந்தது. மாசு செய்தவனே நஷ்டஈடு தரவேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. இடையில் 28 வருஷம்! இந்த லட்சணத்தில், வாலாஜா அணைக்கட்டிலிருந்து நீர் போகும் காவேரிப்பாக்கம் ஏரியில் ஈயத்தையும் போடு என்று நாமே மனு கொடுப்பதா?

வேடந்தாங்கல் விவசாயிகள் வேறு மாதிரி கேட்டார்கள். ஏரியில் பறவையைச் சுடக்கூடாது என்று 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்து வாங்கினார்கள். எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு.

யானையும் காட்டுப்பன்றியும் அழித்த பயிருக்கு வனத்துறை நிவாரணம் தருகிறது. தாழைக்கோழி அழித்ததற்கும் கொடு! ஏரி ஆக்கிரமிப்பை அகற்று, வரத்துக் கால்வாயைத் தூர்வாரு! இதுவே நம் கோரிக்கை. பாதிக்கப்பட்டவர்கள் அடங்கல் நகல், சர்வே எண், சேதமான பரப்பு ஆகியவற்றோடு ராணிப்பேட்டை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்வு நாள் கூட்டத்துக்கு வாருங்கள். ஒரே மனுவாகக் கொடுப்போம்.