எல்லைக் கோடும் இரங்கற்பாவும்

எல்லையைப் பற்றி எழுதப் புகுவோருட் பலர் ஒரே பல்லவியைப் பாடி வருகின்றனர். கோடு நிலத்தைப் பிரித்தது, இதயங்களைப் பிரிக்க முடியவில்லை என்பதே அப்பல்லவி. கேட்க இனிமையானதுதான். ஆனால், அது உண்மையை மறைக்கிறது என்பது என் குற்றச்சாட்டு. எல்லை என்றோ நிகழ்ந்து முடிந்த சோகம் அன்று. நாள்தோறும் மனிதரால் நடத்தப்படும் நிர்வாகம். சோகத்துக்கு அழலாம், நிர்வாகத்தை நோக்கிக் கேள்வி கேட்கவேண்டும்.

வங்காளத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் இந்தியாவைக் கண்டறியாத சிறில் றட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர், 1947 ஜூலை 8 இல் அங்கு வந்திறங்கினார். ஏறக்குறைய ஐந்து வாரங்களில் வங்காளமும் பஞ்சாபும் கூறுபோடப்பட்டன. ஆகஸ்ட் 17 இல் அத்தீர்ப்பு வெளியானபோது சுதந்திரம் வந்து இரு தினங்கள் கழிந்திருந்தன. வீடு ஒரு நாட்டிலும் வயல் மறு நாட்டிலுமாக உழவன் நின்றான். ஒரே ஊரார், ஒரே மொழி பேசுவோர், ஒருவருக்கொருவர் அந்நியராயினர்.

இதுவரை இரங்கற்பாக்காரரும் எம்முடன் வருவர். இனி வருவதே அவர்கள் சொல்லாத கதை.

எல்லைக் கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் பாதுகாப்பு அரண் எழுப்பலாகாது என்று 1975 இல் இரு நாடுகளும் விதி வகுத்தன. ஆகவே பின்னர் வேலி போட்ட இந்தியா, அதைத் தன் நிலத்தினுள்ளே தள்ளிப் போட்டது. விளைவு யாது? வேலிக்கும் கோட்டுக்கும் இடையே வயல்கள் மாத்திரமன்றி, சிலவிடங்களில் குடியிருப்புகளும் அகப்பட்டுக்கொண்டன. அங்குள்ளவன் இந்தியப் பிரஜை. ஆனால் இந்தியாவுக்குள் செல்ல இரும்பு வாயில் திறக்கும்வரை காத்து நிற்கவேண்டும். வயலுக்குப் போகும் உழவன் அடையாள அட்டையைக் காவலனிடம் ஒப்படைக்கவேண்டும். வாயில் திறப்பது குறித்த நேரங்களில் மாத்திரமே. பயிருக்கு நீர் வேண்டிய நேரத்தைக் காவற்படையின் கடிகாரம் அறியுமா? சணல் உயர்ந்து வளர்ந்தால் காவலர் பார்வை மறைகிறதென்று அதைப் பயிரிடவும் பலவிடங்களில் தடை. நள்ளிரவில் ஒருத்திக்குப் பிரசவ வேதனை கண்டால், வைத்தியசாலைக்கு முன் வாயிற் காவலனைத் தேடி ஓடவேண்டும்.

"கள்ளக் கடத்தலைத் தடுக்கவேண்டாமா?" என்று கேட்கும் நண்பர்கள் உளர். கடத்தல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடத்தலின் இலாபம் பெரு வணிகர் கையிலும், துப்பாக்கிக் குண்டு கூலியின் மார்பிலும் சேர்வதேன்? பெத்ராப்போல் வாயிலால் லொறிகள் வரிசையாகச் சரக்கேற்றிச் செல்கின்றன. சரக்குக்கு வழியுண்டு. 2011 ஜனவரியில், திருமணத்துக்காகத் தந்தையுடன் வங்காளதேசம் திரும்பிய பதினைந்து வயது ஏழைப் பெண்ணுக்கு வழியிருக்கவில்லை. வேலி ஏறியபோது சுடப்பட்ட அவளது உடல் மணிக்கணக்கில் முட்கம்பியில் தொங்கியது. சுட்ட காவலரைப் படையின் சொந்த நீதிமன்றமே விடுதலை செய்தது. இதனை விதி என்று எழுதுவோமா?

மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம் என்பதற்குச் சான்று அதே எல்லையில் உண்டு. ஒரு நாட்டின் துண்டு நிலங்கள் மறு நாட்டினுள் சிதறிக் கிடந்தன. அத்தகைய 162 துண்டுகளில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் எந்த அரசின் பராமரிப்புமின்றி வாழ்ந்தனர். 1974 இல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 2015 ஜூலை 31 நள்ளிரவிலேயே நிலங்கள் கைமாறின. மக்கள் தம் குடியுரிமையைத் தாமே தெரிந்தனர். நாற்பத்தொரு ஆண்டுகள் தடுத்தது எது? அரசுகளின் மனமின்மையே. மனம் வந்தபோது கோடு நகர்ந்தது.

தீவினராகிய எமக்கு நில எல்லை இல்லை. ஆயினும் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்ற அநுபவம் எம்மவர்க்குப் புதிதன்று. சொந்த ஊருக்குப் போக மற்றொருவனின் அநுமதியை நாடுவது யாதென்பதை நாம் அறிவோம். எனவே வேலியோர மனிதனுக்காக எமது எழுத்தாளர் கண்ணீரை மாத்திரம் வழங்குதல் போதாது. வாயில் ஏன் பூட்டப்பட்டிருக்கிறது, திறப்பு எவரிடம் இருக்கிறது, பூட்டினால் நன்மை எவருக்கு என்று எழுதட்டும். ஆசிரிய நண்பர்களும் வரைபடத்தில் எல்லைக் கோட்டைக் காட்டும்போது, அதனை வரைந்தவரையும் அதன்மேல் வாழ்பவரையும் மாணவருக்குச் சேர்த்தே கற்பிக்கட்டும்.